சிரிக்காத வெண்ணெய்

எங்கள் பால் சங்கத்துக்கு நூறு வயது ஆகிறது. நூற்றாண்டு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். ஆர்டிஸ் குவாமைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். "ரெண்டு பக்கம் போதும் வெர்ன், நல்லதா நாலு வார்த்தை எழுது" என்றார்கள். நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமானால் பாதிரியாரிடம் போயிருக்கலாம். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதுதான் முப்பத்தைந்து வருஷமாக என் பிழைப்பு.

ஆர்டிஸுக்கு அறுபத்து மூன்று வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷமாகச் சமையல் செய்கிறாள். வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆகஸ்டு மாதத்து மாவட்டத் திருவிழாவில், வியாழக்கிழமையன்று மட்டும் அவள் சிற்பி. அந்த வருஷம் பண்ணைக் குடும்பங்களிலிருந்து பால் இளவரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணை எதிரில் உட்கார வைத்து, தொண்ணூறு பவுண்டு வெண்ணெய்க் கட்டியில் அவள் தலையைச் செதுக்குவாள். இருவரும் உட்காருவது ஒரு கண்ணாடி அறைக்குள். வெண்ணெய் இளகாமல் இருக்க அறை பனிக்காலம் போலக் குளிரும். தரை மெல்லச் சுழலும், ஒரு சுற்றுக்கு ஆறு நிமிஷம். சுற்றிலும் ஊரே நின்று பார்க்கும். குளிரும் சுழற்சியும் ஒலிபெருக்கியும் என் பொறுப்பு.

வெட்டி விழும் வெண்ணெயை வாளியில் சேர்த்து, உப்பு பிஸ்கட்டில் தடவி வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுப்போம். முடிந்த தலை அந்தப் பெண்ணுக்கே சொந்தம். வீட்டு ஃப்ரீசரில் வைத்திருந்து, சோளம் அறுக்கும்போதோ கல்யாணத்தின்போதோ எடுத்து, வேகவைத்த சோளக்கதிரில் தடவிச் சாப்பிட்டுத் தீர்ப்பார்கள். அது எங்களுக்கு வினோதமாகத் தோன்றியதே இல்லை.

ஆர்டிஸ் உள்ளதை உள்ளபடி செதுக்குவாள். அதில்தான் வில்லங்கம். ஒரு வருஷம் இளவரசிக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. ஆர்டிஸ் வீங்கிய மூக்கை அப்படியே வைத்தாள். நாலு வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் கல்யாண விருந்தில் அந்த மூக்கு மாப்பிள்ளையின் சோளத்துக்குப் போனது. இன்னொரு வருஷம் ஒரு பெண்ணுக்கு இரட்டைத் தாடை. அவள் அம்மா அதற்கப்புறம் ஆர்டிஸோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எங்கள் ஊரில் ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கண்டுபிடிக்கவே சாதாரணமாக மூன்று வருஷம் ஆகும். அதனால் அது பெரிய பாதிப்பாகத் தெரியவில்லை.

ஒரு தடவை நகரத்துக் கல்லூரியிலிருந்து கலைப் பேராசிரியர் ஒருவர் வந்தார். கழுத்தில் துண்டு, கையில் நோட்டு. வேலை முடிந்து ஆர்டிஸ் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"உங்க கலை இன்றைய சமுதாயத்துக்கு என்ன சொல்லுதுன்னு நெனைக்கிறீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. சோளத்துக்கு நல்லா இருக்கும்."

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் சிரித்தேன். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

இந்த ஒரு நாள் அவளுக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சமையலறையில் ஒவ்வொரு நாளுக்கும் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வரும். திங்கள் என்ன, செவ்வாய் என்ன, கரண்டி எந்த அளவு, உப்பு எத்தனை சிட்டிகை. ஒரு தடவை பட்டாணியில் மிளகு போட்டதற்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். முப்பத்தெட்டு வருஷம் அப்படி. கண்ணாடி அறைக்குள் இருக்கும் அந்த ஆறு மணி நேரத்துக்கு மட்டும்தான் யாரும் தாள் அனுப்பவில்லை. கூலி கிடையாது. ஆப்பிள் வைத்துச் சுட்ட ஒரு பலகாரமும், வண்டி நிறுத்த ஒரு அனுமதிச் சீட்டும் கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் எதையும் கூடக் கேட்டதில்லை.

அப்புறம் லைல் ஹெக்லண்ட் சங்கத் தலைவரானான். நூற்றிருபது மாடு வைத்திருப்பவன், உழைப்பாளி, கெட்டவன் இல்லை. ஆனால் நகரத்தில் இரண்டு நாள் விற்பனைப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எதைக் காட்டினாலும் "இது ஒரு வாய்ப்பு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். மாட்டுக்கு மடிவீக்கம் வந்தபோதும் அதையே சொன்னானாம். அவன் ஒரு தயிர்க் கம்பெனியைப் பிடித்துவந்தான். கண்ணாடி அறையின் மேல் அவர்கள் பெயர் இருக்கும், தலையின் படம் தயிர் டப்பாவில் வரும் என்று பேச்சு. போதாக்குறைக்கு அந்த வருஷத்து இளவரசி அவனுடைய மகள் மாரென். பத்தொன்பது வயது, அமைதியான பெண்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆர்டிஸ் கத்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, லைல் ஒரு தாளோடு வந்தான்.

"என்னடா இது?" என்றாள் ஆர்டிஸ். லைல் ஆறு வயதிலிருந்து அவள் கையால் சாப்பிட்டவன். தலைவரானாலும் அவளுக்கு அவன் 'டா'தான்.

"ஒண்ணுமில்ல ஆர்டிஸ், சின்ன வழிகாட்டுதல். முகம் சிரிக்கணும். மேல்வரிசையில எட்டுப் பல்லு தெரியணும். முடிஞ்சதும் கமிட்டி பாத்து சரின்னு சொல்லணும். கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"எட்டா?"

"ஆறு வச்சா சோகமா தெரியுதாம். பத்து வச்சா பயமா இருக்காம். ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க."

"வெண்ணெய்ல பல்லு வச்சா சோளக்கதிரக் கவ்விக்கிட்டிருக்குற மாதிரி இருக்கும்டா. உதடும் அதே நிறம், பல்லும் அதே நிறம்."

"கம்பெனிக்காரங்க நாலு மணிக்கு போட்டோ எடுக்க வர்றாங்க. கொஞ்சம் புரிஞ்சுக்குங்க. பத்து வருஷத்துல இந்த மாவட்டத்துல நாப்பது பண்ணை மூடியாச்சு. ஜனங்க பாதாம்ல பால் கறக்குறாங்க. நாம அழகா ஒரு முகம் காட்டணும்னு சொல்றது தப்பா?"

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூடிய பண்ணைகளில் இரண்டு என் தம்பிகளுடையவை. ஆர்டிஸ் கையில் இருந்த கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தப்பில்ல" என்றாள் கடைசியில். "சிரிப்பு வேணும்னா போட்டோக்காரன்கிட்ட கேளு. நான் எதுத்தாப்புல இருக்குறதத்தான் வெட்டுவேன். இந்தக் குளிர்ல ஆறு மணி நேரம் நீ சிரிச்சுக் காட்டு, உனக்கும் எட்டுப் பல்லு வச்சுத் தர்றேன்."

"கையெழுத்து இல்லேன்னா அடுத்த வருஷம் வேற ஆளப் பாக்குறதா கமிட்டி முடிவு பண்ணியிருக்கு."

ஆர்டிஸ் தாளை வாங்கினாள். நாலாக மடித்தாள். குனிந்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்குக் கீழே செருகினாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றான் லைல்.

"மேஜை ஆடாதுன்னு அர்த்தம்."

அவன் போனதும் அவள் துடைத்த கத்திகளையே மறுபடி துடைத்தாள். லைலின் கழுத்தைப் பிடித்து வெண்ணெய் வாளிக்குள் அமுக்க வேண்டும் போல எனக்கு வந்தது. ஆனால் நான் இந்த ஊர்க்காரன். "காபி வேணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

பத்து மணிக்கு மாரென் உள்ளே வந்தாள். நீளப் பட்டுக் கவுன், அதன் மேல் அவள் அப்பாவின் கனத்த குளிர்கோட்டு, தலையில் கிரீடம், காலில் மாட்டுக்கொட்டகை பூட்ஸ். கோட்டுக் காலரில் நான் மைக்கைக் குத்திவிட்டேன். வெளியே நிற்கும் குழந்தைகள் கேள்வி கேட்டால் இளவரசி பதில் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. இளவரசியோடு படம் எடுத்துக்கொள்ள வரும் ஒவ்வொரு குழந்தைக் கூட்டத்தோடும் அவள் ஒரு டம்ளர் பால் குடிக்க வேண்டும். காலையிலிருந்து ஏழு டம்ளர் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இன்னும் நாலு.

ஆர்டிஸ் வேலை செய்யும்போது பேச மாட்டாள். கம்பியால் முதலில் கழுத்தை அறுத்து எடுப்பாள், பிறகு காதுகளுக்கு இடம் விடுவாள், பிறகு நெற்றி. நின்று, பார்த்து, ஒரு சீவு. மறுபடி பார்ப்பது. பன்னிரண்டு மணிக்கு நெற்றியும் கன்னமும் மாரெனாகிவிட்டன. வெளியே ஒரு குழந்தை "உங்களுக்குப் பிடிச்ச ஐஸ்கிரீம் எது?" என்று கேட்டது. மாரென் ரொம்ப யோசித்து, "எலுமிச்சை சர்பத் ஐஸ்" என்றாள். அதில் பால் கிடையாது என்பது அங்கே ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. என் மண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டரை மணிக்கு வாய் வந்தது. வந்ததும் கூட்டத்தில் சலசலப்பு. அந்த உதடுகள் இறுக மூடியிருந்தன. இடது ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டு, அதன் கீழே ஒரு சின்னக் குழி. சொல்ல வந்த எதையோ பல்லுக்குப் பின்னால் பிடித்து வைத்திருப்பது போன்ற வாய். அச்சு அசல் மாரென்தான். அவளை எத்தனையோ வருஷமாகத் தேவாலயத்தில் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் வாய் இப்படித்தான் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"வித்தியாசமா இருக்கு" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா. எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

லைல் மூன்று மணிக்கு வந்தான். தலை அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று நிமிஷம் பொறுமையாக நின்றான். முகம் அவன் பக்கம் திரும்பியதும் அவன் முகம் வெளுத்தது. கதவைத் தட்டி ஆர்டிஸை வெளியே கூப்பிட்டான்.

"என்ன ஆர்டிஸ் இது? ஏதோ தண்டனை அனுபவிக்கிற மாதிரி இருக்கா!"

"அப்படியா தெரியுது? எனக்கு ஒரு வாய் தெரிஞ்சுது. அதை வெட்டினேன்."

"பல்லு வைங்க. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"முடிஞ்சுது லைல்."

"அப்ப அடுத்த வருஷம் நீங்க வர வேண்டாம்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். கத்தியைத் துடைத்து மேஜை மேல் வைத்தாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இருபத்திரண்டு வருஷ வேலை ஒரு 'சரி'யில் போனது. என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் லைல் அதே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அதே கத்தியை எடுத்துக்கொண்டு, கண்ணாடி அறைக்குள் போய்விட்டான்.

கூட்டம் நெருங்கி வந்தது. பன்றிப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள்.

லைல் மாட்டுக்குக் குளம்பு சீவுகிறவன், கத்தி பிடிக்கத் தெரியும். வெண்ணெய் வாய்க்கு எதிரே கத்தியை நீட்டினான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மகள் பக்கம் திரும்பினான். அவன் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"சிரிம்மா. பாத்து வெட்டணும்."

மாரென் சிரிக்கப் பார்த்தாள். உதடு விரிந்தது, கண் விரியவில்லை.

"இப்படி இல்லம்மா. வீட்டுல சிரிப்பியே, அப்படி."

அவள் மறுபடி முயன்றாள். அவன் அவளைப் பார்த்தான், வெண்ணெயைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். கத்தி அந்தரத்திலேயே நின்றது. தரை பாட்டுக்குச் சுழன்றது. வீட்டில் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை என்பது எனக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. பாவமாக இருந்தது.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் என் மோட்டார் என்று நினைத்துக் குனிந்தேன். மோட்டார் இல்லை. மறுபடி கேட்டது, தூரத்து இடி மாதிரி, நீளமாக. முன்வரிசையில் ஒரு பையன் "இளவரசி வயிறு!" என்று கத்தினான்.

லைல் கத்தியைக் கீழே இறக்கினான்.

"என்னம்மா? பசிக்குதா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்ன? சொல்லு."

"அப்பா, மைக் ஆன்ல இருக்கு."

என் கை சுவிட்சுக்குப் போனது. அதற்குள் லைல், "இருக்கட்டும், சொல்லு" என்றான். மாரென் கூட்டத்தைப் பார்த்தாள். வெண்ணெயில் இருந்த தன் வாயையும் பார்த்தாள்.

"எனக்குப் பால் ஒத்துக்காதுப்பா."

ஐநூறு பேர் நின்ற அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் பிஸ்கட்டைக் கீழே போட்டார்.

"எப்பலேர்ந்து?"

"ஆறாங்கிளாஸ்லேர்ந்து. மாத்திரை போட்டுக்குவேன். இன்னிக்குப் பதினோரு டம்ளர், மாத்திரை தீந்துடுச்சு."

"ஏம்மா சொல்லல?"

"நூத்தியிருவது மாடு இருக்குற வீட்டுல அதை எப்படிப்பா சொல்றது?" என்றாள் மாரென். அப்புறம், "கொஞ்சம் வழி விடுப்பா, அவசரம்" என்று கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து ஓடினாள். மைக் இன்னும் காலரில் இருந்தது. இந்தத் தடவை நான் சுவிட்சை அணைத்தேன். என் வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் செய்த சில காரியங்களில் அது ஒன்று.

ஆர்டிஸ் என் பக்கத்தில் நின்றாள். "தினமும் அவ தட்டுல நான்தான் பால் வச்சேன் வெர்ன்" என்றாள் மெதுவாக. "தாள்ல இருந்துச்சு, வச்சேன். பதிமூணு வருஷம்."

"ஆனா நீதான் கண்டுபிடிச்ச."

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. வாய் அப்படி இருந்துச்சு."

உள்ளே லைல் வெண்ணெய்த் தலையோடு தனியாகச் சுழன்றுகொண்டிருந்தான். இரண்டு முழுச் சுற்று. அவன் வெளியே வந்தபோது தயிர்க் கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு பெண்ணும், கேமரா வைத்திருந்த ஓர் ஆளும். அந்தப் பெண் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வாய் வேலை இன்னும் பாக்கி இருக்கா சார்?"

லைல் கத்தியை ஆர்டிஸிடம் கொடுத்தான். கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி கொடுத்தான். "பாக்கி எதுவும் இல்ல" என்றான். "அது என் பொண்ணு. அவ அப்படித்தான் இருப்பா."

தயிர் டப்பாவில் கடைசியில் ஒரு மாட்டின் படம் வந்தது. மாடு சிரிக்கவும் இல்லை, அதற்கு யாரும் பல் எண்ணவும் இல்லை. அடுத்த வருஷ ஆள் யார் என்ற பேச்சைக் கமிட்டி மறுபடி எடுக்கவில்லை. தோற்றுவிட்டோம் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் லைல் போன் செய்தான். ஃப்ரீசர் நின்றுவிட்டதாம். மாரென் படிப்புக்காக மினியாபொலிஸ் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. போய்ப் பார்த்தால் கொட்டகை வாசலில் அரை மாட்டு இறைச்சி, பொட்டலம் பொட்டலமாக வெயிலில் கிடக்கிறது. நாய் மூன்றாவது பொட்டலத்தில் இருந்தது. வீட்டில் இருந்த பனிக்கட்டி அத்தனையும் ஒரே ஒரு பெட்டியில், வெண்ணெய்த் தலையைச் சுற்றி.

"மோட்டார் எரிஞ்சுடுச்சு லைல். புதுசு திங்கக்கிழமைதான் வரும்."

"அதுவரைக்கும் இது தாங்காதே" என்றான். "எங்கயாவது வைக்கணும் வெர்ன்."

என் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆர்டிஸ் வீட்டுக்குப் போனோம். அவள் கேள்வி கேட்காமல் பள்ளிக்கூடச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். சமையலறையின் குளிர் அறையில், பால் பெட்டிகளுக்கு நடுவே தலையை வைத்து, துணியை விலக்கிப் பார்த்தோம். மூக்கும் காதும் பிழைத்திருந்தன. வாயின் இடது ஓரம் மட்டும் இளகி வழிந்து மழுங்கியிருந்தது. அந்த இடத்தில் மாரென் லேசாகச் சிரிப்பது போல இருந்தது.

லைலின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"சரி பண்ணுவீங்களா ஆர்டிஸ்?" என்றான்.

"அவ எதுர்ல இல்லாம நான் எப்படிடா பண்றது? நான் பாத்துத்தான் வெட்டுவேன்."

லைல் தொப்பியைக் கழற்றினான். கண்ணை மூடிக்கொண்டான். "இடது ஓரம் உள்ள இழுத்திருக்கும்" என்றான். "ரொம்ப இல்ல, சோளமணி அளவு. அதுக்குக் கீழ ஒரு குழி. குழி நேராக் கீழ இருக்காது, தாடைப் பக்கம் கொஞ்சம் தள்ளி. மேலுதட்டு நடுவுல ஒரு மடிப்பு, அவங்க அம்மாவுக்கு இருக்குற மாதிரி. ஏதாவது சொல்ல வந்தா முதல்ல அந்த மடிப்புதான் அசையும். நான் இத்தனை நாள் அதைப் பாக்கல."

ஆர்டிஸ் கத்தியை எடுத்தாள். அவன் சொல்லச் சொல்ல வெட்டினாள். குளிர் அறையில் மூன்று பேர் மூச்சும் புகையாக வந்துகொண்டிருந்தது. முடிந்ததும் அவன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"இவதான்" என்றான்.